மூக்கு லாரி தட்டும்போது

பழைய டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் மூக்கு லாரியில் ‘டொக் டொக்’கென்று சத்தம் வருகிறது, என்ன கோளாறு என்று கேட்டால் நல்ல மெக்கானிக் உடனே பதில் சொல்லமாட்டார். எங்கே கேட்டது, எப்போது கேட்டது என்று திருப்பிக் கேட்பார். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

டாட்டாவின் டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-இல் ஒப்பந்தம் போட்டு, 1969 வரை சேர்ந்து செய்த வண்டி அது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். மார்கழி விடியலில் மூணாறில் ஸ்டார்ட் பண்ணினால் டீசல் தாமதமாகப் பற்றும். பற்றும்போது மொத்தமாகப் பற்றும். அதனால் தட்டும், வெள்ளைப் புகை கக்கும். தேய்ந்த பிஸ்டனும் சிலிண்டர் சுவரில் அடிக்கும். சூடேறியதும் இவை அடங்கிவிட்டால் அவசரமில்லை. பங்குனி வெயிலில் வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகும்போது கதை வேறு. எஞ்சின் நன்றாகக் காய்ந்து ஆயில் நீர்த்துவிடும். காலையில் இல்லாமல் மதியம் வருகிற கனத்த தட்டல்தான் எனக்குப் பயம் தருவது. அது பெரும்பாலும் பியரிங்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்பானர் போதும். வண்டியை ஸ்லோவில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் டீசல் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். துணி சுற்றிக்கொள்ளுங்கள்; பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும், கையை நீட்டாதீர்கள். நட்டைத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. அப்போது சத்தம் மாறவே இல்லையா? டேப்பட்டைப் பாருங்கள். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அந்த ‘டிக் டிக்’ எஞ்சின் வேகத்தில் பாதியாக இருக்கும். இடைவெளியில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகினால் நின்றுவிடும்.

சத்தம் குறைந்தால் நாசிலா, பிக்எண்ட் பியரிங்கா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் பலர் அவசரப்பட்டு எஞ்சினை இறக்குகிறார்கள். அந்த நாசிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். சத்தமும் கூடவே போனால் நாசில்தான் குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் பியரிங். கூடவே சூட்டில் ஆயில் பிரஷர் முள் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

கிளட்ச்சை மிதித்தால் மட்டும் வருகிற இரைச்சல் கிளட்ச் ரிலீஸ் பியரிங். எஞ்சினைத் தொட வேண்டியதில்லை.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. பாரத்தோடு மிதிக்கும்போது தட்டல் கனத்து, ஆயில் பிரஷரும் இறங்கினால் ‘மேலே போய்ப் பார்த்துக்கலாம்’ என்று ஏற்றாதீர்கள். கானெக்டிங் ராடு அறுந்து பிளாக்கைத் துளைத்துவிட்டால், அந்தக் காலத்துப் பிளாக்குக்கு மாற்றுத் தேடி அலைய வேண்டியிருக்கும். அடிவாரத்திலேயே ஓரங்கட்டி, ஆயில் சம்ப்பை இறக்கிப் பாருங்கள்.