சுட்ட மண்ணில் சிமென்ட்! தெரியுமா?

டெல்லி மெட்ரோ பிங்க் லைனில் மோதி பாக் ஸ்டேஷனின் முழுப்பெயர் தெரியுமா? சர் விஸ்வேஸ்வரய்யா மோதி பாக்! அந்த விஸ்வேஸ்வரய்யா மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்தபோது, 1911இல் வேலை தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையின் கற்களைப் பிடித்து நிறுத்தியது சிமென்ட் அல்ல, சுர்க்கிக் கலவை! சுட்ட செங்கல்லை இடித்த பொடி, கூடவே சுண்ணாம்பு. அவ்வளவுதான். 1895 முதல் நிற்கும் நம்ம முல்லைப் பெரியாறு அணையிலும் அதே கலவைதான்!

இந்த ஸ்டேஷனிலிருந்து சில கிலோமீட்டர் போனால் டெல்லி ஐஐடி. அங்கே பேராசிரியர் சஷாங்க் பிஷ்னோய் ஆராய்வதும் சுட்ட மண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த கூட்டணியைத்தான்! இந்தச் சிமென்ட்டின் பெயர் எல்சி3. சுவிட்சர்லாந்துப் பேராசிரியை கேரன் ஸ்கிரிவனரும் கியூபா நாட்டு ஆய்வாளர்களும் இதில் கூட்டாளிகள்.

சிமென்ட்டின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரியில் சுட்டெடுத்த உருண்டை. சூளையில் எரியும் நிலக்கரியைவிட அந்தக் கல் கக்கும் கரியமில வாயுதான் அதிகம், தெரியுமா? சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும்! சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் அந்த 44 குறையாது.

அதனால் கிளிங்கரையே பாதியாக்கிவிட்டார்கள்! 100 கிலோ எல்சி3யில் கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் பொடி 15, ஜிப்சம் 5. களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி சூடே போதும். பீங்கானுக்கு ஆகாது என்று குவாரி ஓரம் கொட்டிய மட்டமான மண்ணும் ஆகும்! கரியமில வாயு 30 முதல் 40 சதவீதம் மிச்சம்.

அந்தச் சுடாத பொடி சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதில்லை. களிமண்ணின் அலுமினாவோடு வினைபுரிந்து, கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கிறது. கடல் உப்பு உள்ளே ஏறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது குறைகிறது. இதைச் சோதித்துச் சொன்னது யார்? சென்னை ஐஐடியின் மனு சந்தானம், ரவீந்திர கெட்டு குழு! (கலக்கும்போது தண்ணீரை அதிகம் குடிக்கும் என்பது இதன் தொல்லை. அதற்குத் தனி ரசாயனம் சேர்க்க வேண்டும்.)

மோதி பாக்கை அடுத்த சாணக்யபுரியில், சுவிஸ் தூதரக வளாகத்திலேயே எல்சி3 கட்டடம் எழும்பிவிட்டது. 2023இல் இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது: ஐ.எஸ். 18189. வீடு கட்டப் போகிறீர்களா? கடைக்காரரிடம் இந்த எண்ணைச் சொல்லி, சிமென்ட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்!