இரு பருவங்களுக்கு இடையே

1901ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், வட கரோலைனாக் கடற்கரையிலிருந்து டேற்றன் நகருக்குத் திரும்பிய வில்பர் றைற், ஓர்வில் றைற் என்னும் சகோதரர் இருவரும் பெரிதும் மனஞ் சோர்ந்திருந்தனர். மனிதன் என்றேனும் பறப்பானாயினும் அது தம் வாழ்நாளில் நிகழப்போவதில்லை என்று மூத்தவராகிய வில்பர் கூறினாராம். விமானத்தின் வரலாற்றைப் பேசுவோர் 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதியையே கொண்டாடுகின்றனர். நமக்கோ, அதற்கு முந்திய இந்த மனச்சோர்வின் காலமே மாணவர் ஊன்றிக் கற்கத்தக்கதாகத் தோன்றுகின்றது.

அப்பருவத்தில் அவர்கள் கொண்டுசென்ற கிளைடர், அதாவது இயந்திரமில்லா விமானம், 22 அடி நீள இறக்கைகளும் 98 இறாத்தல் நிறையும் உடையது. மணற்குன்றின் உச்சியிலிருந்து காற்றை எதிர்த்து இறங்கியபோது, ஒருமுறை 389 அடி தூரம் சென்றது. எனினும் கணக்கின்படி காற்று அதனைத் தூக்கவேண்டிய விசையில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. திரும்புவதற்காக இறக்கையை முறுக்கினால், சிலவேளை எதிர்ப்புறமாகத் திரும்பிற்று. மழையும் நுளம்புக் கூட்டமும் பட்டதுயர் வேறு.

அவர்கள் நம்பிய அட்டவணை ஜேர்மானியரான ஒற்றோ லிலியந்தால் வகுத்தது. ஏறக்குறைய 2,000 தடவை மிதந்து, 1896இல் அம்முயற்சியிலேயே உயிர்நீத்த பெரியார் அவர். அவர்தம் எண்களை ஐயுறுவது எளிதோ?

செப்டெம்பரில் சிக்காகோப் பொறியியலாளர் சங்கத்திற் பேசுமாறு ஒக்ரேவ் ஷனூற் என்பார் வில்பரை அழைத்தார். வில்பர் தயங்கினார், தங்கை கதரீன் நச்சரித்தே அனுப்பிவைத்தாள். (இத்தகைய தங்கையரை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன!) அதன்பின் சகோதரர் எதனையும் தாமே அளந்து காண்பதெனத் துணிந்தனர். ஆறடி நீளமான மரப்பெட்டியொன்றினுள் விசிறியாற் காற்றைச் செலுத்தி, தகட்டில் வெட்டிய சிற்றிறக்கைகள் ஏறத்தாழ 200ஐச் சோதித்தனர். தராசு செய்தது பழைய வாள் அலகாலும் துவிச்சக்கர வண்டிக் கம்பியாலும்! விளைவு வியப்பானது. லிலியந்தாலின் அட்டவணை பெரும்பாலும் சரியே. அதனோடு சேர்த்துப் பெருக்கிய பதினெட்டாம் நூற்றாண்டுக் காற்றமுக்க எண்ணே மிகைபட்டிருந்தது. 0.005 என்று வழங்கியது உண்மையில் 0.0033 அளவே. வேறு சிலர் மீண்டும் அளந்து குறைந்த எண்களைக் கண்டிருந்தும், பழைய எண்ணையே பலரும் வழிவழியாகப் படியெடுத்து வந்தமையை என்னென்பது!

ஒடுங்கி நீண்ட இறக்கையே நன்கு தூக்கும் என்பதும் அப்பெட்டியிலேயே தெளிவாயிற்று. எனவே 1902இன் கிளைடருக்கு 32 அடி நீளமும் 5 அடி அகலமுமான இறக்கைகள் அமைந்தன. பின்னாலிருந்த அசையா வாலோ புதிய தொல்லை விளைத்தது. மிகுதியாகக் கோப்பி அருந்தி உறக்கமிழந்த ஓரிரவில், வாலை அசையுமாறு செய்யலாமென ஓர்வில் கண்டார். அதனை இறக்கை முறுக்கும் கயிற்றோடு இணைக்கலாமென வில்பர் மேலும் கூட்டினார். அப்பருவத்தில் நூற்றுக்கணக்கான முறை மிதந்தனர்; மிக நீண்டது 622½ அடி, 26 விநாடி.

டிசெம்பரில் மோட்டார் செய்வோர் பலருக்குக் கடிதம் எழுதினர். தக்க இயந்திரம் எவரிடமும் கிடைக்கவில்லை. ஆகவே, தம் கடையில் வேலைசெய்த சார்ளி ரெயிலரின் துணைகொண்டு தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கினர்.