அட்டியிலிருந்து விழுந்தவரைத் தூக்கலாமா?

அறுவடைக் காலம் வந்தால் தஞ்சை வட்டாரத்தில் மூட்டை ஏறாத கிடங்கு இல்லை. 40 கிலோ நெல் சிப்பங்களை அட்டி போடும்போது மேலே நிற்கும் தொழிலாளி ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறார். கால் தவறி அவர் விழுந்தால் நம்மவர்கள் என்ன செய்கிறோம்? இருவர் கக்கத்தில் கை கொடுத்து உட்கார வைப்போம். ஒருவர் சோடா உடைப்பார். பிறகு ஆட்டோவில் மடக்கி ஏற்றுவோம். எண்ணம் நல்லதுதான். ஆனால் கழுத்து முள்ளெலும்பு முறிந்திருந்தால் இதைவிடக் கெடுதல் வேறில்லை.

முள்ளெலும்புகளுக்குள் ஓடும் தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்தான். அது அறுந்தால் மீண்டும் ஒட்டுவதில்லை. ஆய்க்குடி இராமகிருஷ்ணன் 1975இல் கடற்படைத் தேர்வில் மரத்திலிருந்து குதித்தபோது கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர்தான் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர்.

எவ்வளவு உயரம் ஆபத்து? 2001இல் கனடா மருத்துவர்கள் வகுத்த விதி, 3 அடியிலிருந்து விழுந்தாலே கழுத்தைச் சந்தேகி என்கிறது. நம் கல்லாப்பெட்டி மேசையின் உயரம் அவ்வளவுதான்! வயது 65 ஆகியிருந்தாலும், கை கால் மரத்துக் கூச்சமெடுத்தாலும் அதே சந்தேகம்தான். குடித்திருப்பவர் 'வலி இல்லை' என்றால் நம்பக்கூடாது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் தலையைப் பிடித்து எண்ணிக்கை சொல்ல, மற்றவர்கள் உடம்பை மரக்கட்டை போல ஒரே சீராகப் புரட்டுவார்கள். கழுத்துப் பட்டையும் கெட்டிப் பலகையும் உண்டு. பலகை ஏற்றி இறக்கத்தான். மணிக்கணக்கில் அதில் கிடத்தினால் படுக்கைப்புண் வரும், மூச்சும் திணறும். எனவே டாக்டர் பலகையை உடனே எடுத்துவிட்டால், 'கவனிக்கவில்லை' என்று சண்டைக்குப் போக வேண்டாம். கத்திக்குத்துப் பட்டவருக்குப் பலகையில் கட்டுவதால் தாமதம்தான் மிச்சம் என்பதும் இன்றைய மருத்துவக் கருத்து.

கடையில் செய்ய வேண்டியது கொஞ்சமே. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது, அழையுங்கள். விழுந்தவர் கிடந்தபடியே கிடக்கட்டும். தண்ணீரும் வேண்டாம். வாந்தி எடுத்தால் நான்கு பேர் சேர்ந்து, தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களியுங்கள். மூச்சு நின்றிருந்தால் கழுத்தை மறந்து மூச்சைப் பாருங்கள், உயிர் முந்தியது. தீயோ, அட்டி சரியும் நிலையோ இருந்தால் மட்டும் இழுத்து அப்புறப்படுத்தலாம்.

தலைமாட்டில் ஒருவர் மண்டியிட்டு இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஊழியர் வந்து கைமாற்றிக்கொள்ளும்வரை அவர் எழக்கூடாது. ஆகவே போன் செய்வதும், தெருமுனையில் நின்று வண்டிக்கு வழி காட்டுவதும் வேறு ஆட்களின் வேலை.