தாவும் மரபணுவும் தாய்மையும்

மணக்குள விநாயகர் கோயில் வாசலில் யானை லட்சுமியிடம் ஆசி வாங்காத புதுச்சேரிக்காரர்கள் குறைவு. 2022 நவம்பரில் அது இறந்தபோது ஊரே திரண்டு வழியனுப்பியது. யானைக்கு 22 மாதச் சினை என்பது பலருக்கும் தெரியும். அந்தச் சினையின்போது யானையின் கருப்பை ப்ரோலாக்டின் சுரக்கும் என்பதோ, பெண்களின் கருப்பையும் சுண்டெலியின் கருப்பையும் அப்படியே செய்கின்றன என்பதோ அவ்வளவாகப் பேசப்படாத விஷயம்.

ப்ரோலாக்டின் தாய்ப்பாலுக்கான ஹார்மோன். அதன் சொந்த ஊர் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. பல பாலூட்டிகளின் கருப்பை அதைச் சுரப்பதே இல்லை. யானை, எலி, மனிதர் மூவருக்கும் ஏதோ பொது மூதாதை விட்டுப்போன சொத்தாக இருக்கும் என்றுதான் தோன்றும். இல்லை. ஆய்வாளர் டீனா எமெரா குழுவினர் 2012-ல் காட்டியது வேறு: மூன்றும் தனித்தனியாக இந்த வழக்கத்துக்கு வந்திருக்கின்றன, அதுவும் மூன்று வெவ்வேறு தாவும் டி.என்.ஏ. துண்டுகளின் புண்ணியத்தில்.

தாவும் துண்டு என்பது மரபணுத்தொகுதியில் இடம்விட்டு இடம் போய் உட்காரும் டி.என்.ஏ. மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளைப் பார்த்துப் பார்த்தே 1940-களில் பார்பரா மெக்லின்டாக் இதைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு வர 1983 ஆயிற்று. நம் டி.என்.ஏ.வில் கிட்டத்தட்ட பாதி இந்த வகையறாதான். புரதம் செய்யச் சொல்லும் பகுதி 2 சதவீதம்கூடத் தேறாது. துண்டுகளில் பெரும்பாலானவை எப்போதோ முடங்கிப்போனவை. சில இன்னும் தொல்லை கொடுக்கும்: ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய் சிலருக்கு இப்படியொரு துண்டு புகுந்ததால் வந்தது என்று 1988-ல் தெரிந்தது.

ஆனால் செல்லை ஏய்த்துத் தன்னை நகலெடுத்துக்கொள்ள, புரதங்கள் வந்து ஒட்டும் டி.என்.ஏ. எழுத்து வரிசைகளைப் பல துண்டுகள் கூடவே சுமந்து வருகின்றன. ஒரு மரபணு எங்கே, எப்போது விழிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் இதே போன்ற வரிசைகள்தான். ஆக, துண்டு போய் விழுகிற இடத்தில் ஒரு ஸ்விட்சும் விழக்கூடும். மனிதரில் பிட்யூட்டரி ப்ரோலாக்டின் மரபணுவை வாசிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சுமார் 6,000 எழுத்துகள் முன்பே கருப்பை வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தொடக்கம் மெர் 39 என்ற பழைய துண்டுக்குள் இருக்கிறது. ஹார்மோன் அதேதான், ஸ்விட்ச்தான் வேறு.

பழையதற்குப் புது வேலை கிடைப்பது இங்கே மட்டுமல்ல. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் எட்டுத் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை. அவற்றைச் செதுக்கியவர் காந்தியை நினைத்திருக்க வழியில்லை. கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றும் இந்தக் குணம்தான் பரிணாமத்துடையது என்று பிரெஞ்சு உயிரியலாளர் பிரான்சுவா ழாக்கோப் 1977-ல் எழுதினார். மரபணுவுக்கு ஸ்விட்ச் உண்டு என்பதை 1961-லேயே ழாக் மொனோவுடன் சேர்ந்து விளக்கியவரும் அவரே.

ஒரு ஹார்மோனோடு கதை நிற்கவில்லை. மாதந்தோறும் ப்ரோஜெஸ்டிரோன் ஏறும்போது கருப்பையின் உட்சுவர்ச் செல்கள் பருத்து உருண்டு, கருவை ஏற்கத் தயாராகின்றன. கரு வராவிட்டால் மாதவிலக்கில் கழிந்துவிடும். இந்த மாற்றத்துக்கு ஏராளமான மரபணுக்கள் ஒரே சமயத்தில் விழிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஸ்விட்ச் உருவாகக் காத்திருந்தால் யுகங்கள் போதாது. ஆய்வாளர்கள் வின்சென்ட் லிஞ்சும் குந்தர் வாக்னரும் 2011-ல் அந்த மரபணுக்களின் அக்கம்பக்கத்தைத் துழாவியபோது, பலவற்றின் அருகே மெர் 20 என்ற ஒரே துண்டின் நகல்கள் இருந்தன. துண்டு பரவியதால் ஒரே ஸ்விட்ச் ஊரெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தச் சிக்கனம்தான்.

பிரசவத் தேதியிலும் துண்டுகளுக்குக் கை உண்டு. சி.ஆர்.ஹெச். என்ற ஹார்மோனை மனித நஞ்சுக்கொடி சுரக்கிறது. பிரசவ நேரத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. அதன் மரபணுவைப் பக்கத்திலுள்ள, வைரஸிலிருந்து வந்த தாவும் துண்டோடு சேர்த்துச் சுண்டெலிக்குள் வைத்துப் பார்த்தார்கள். எலிகள் தாமதமாக ஈன்றன. துண்டை மட்டும் வெட்டியெடுத்ததும் நஞ்சுக்கொடியில் ஹார்மோன் சரிந்தது. இது 2018-ல் வெளிவந்த ஆய்வு. குறைமாதப் பிரசவம் ஏன் நேர்கிறது என்று தேடுகிறவர்கள் மரபணுக்களோடு அவற்றின் பக்கத்து வீட்டுத் துண்டுகளையும் சேர்த்தே இப்போது படிக்கிறார்கள்.