தழும்பு சொன்ன பாடம்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டினார். பள்ளி விடுமுறையில் ஒருநாள் நிரைக்குக் கூடப் போனேன். ஒரு மரத்தின் பட்டை முண்டு முண்டாக இருந்தது. “நான் புதுசா வேலைக்கு வந்தப்ப பட்ட காயம்டா. பட்டை வளர்ந்திருச்சி, தழும்பு போகல” என்றார்.

உளி அளவுக்கு மீறி ஆழமாகப் போனால் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. மேலோடு நின்றால் பால் குறையும். இந்தப் பக்குவத்தை அம்மாவுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து நிரைப் பாட்டி.

அந்தப் பக்குவமும் ஒரே நாளில் வந்ததல்ல. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது நம் கோலகங்சாருக்கு வந்தன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அமேசான் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். ஒரே வெட்டை மெலிதாகச் சீவிக்கொண்டே வந்தால் மரமும் பிழைக்கும், பாலும் கிடைக்கும் என்று சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி சோதித்துக் கண்டார். 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்த பிறகு, புதிய ஒட்டுரகங்களும் வெட்டு முறைகளும் எழுத்தில் தோட்டங்களுக்குப் போயின.

அம்மாவின் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மூத்த அண்ணன் ஓய்வு பெற்ற மறுமாதமே ஓர் இயந்திரம் நின்றது. இரண்டு நாள் பிரித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் அவருக்கே ஃபோன் போட்டேன். “ராத்திரி மழையா தம்பி? சென்சர்ல ஈரம் இறங்கியிருக்கும். துடைச்சுக் காயவை.” பத்து நிமிடத்தில் ஓடியது. அவர் இருந்தவரை கேட்டு வைக்காதது எங்கள் குற்றம்.

அன்றே ஒரு நோட்டுப் போட்டோம். தேதி, கோளாறு, காரணம், சரிசெய்த விதம். ஷிஃப்டு மாறும்போது ஐந்து நிமிடம் அதைப் படிக்க வேண்டும். யார் தவறு என்று மட்டும் எழுதக்கூடாது. எழுதினால் மறைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சில மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த தங்கை நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: “எல்லாமே மழைக்கு மறுநாள்தானே அண்ணே? மேலே ஒரு மூடி போட்டா என்ன?” போட்டோம். அந்தக் கோளாறு பிறகு வரவில்லை. எழுதி வைத்ததோடு நின்றிருந்தால் இன்றும் துடைத்துக்கொண்டுதான் இருப்போம்.

மரம் தன் காயத்தைத் தானே காட்டும். இயந்திரம் காட்டாது, நாம்தான் எழுத வேண்டும். உங்கள் வேலையிடத்தில் அடுத்து ஓய்வு பெறப்போவது யார்? பிரிவு விருந்துக்கு முன்பே ஒரு நோட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.