சிட்டையில் நிற்கும் உப்பு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், அய்யனார் கோயிலால் பெயர்பெற்ற கீழ்புத்துப்பட்டு. அதையும் தாண்டி மரக்காணம் நெருங்க நெருங்க உப்பளங்கள். கோடை முழுக்கப் பாத்தியில் உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வேலை நின்றுபோகும். குவித்து மூடிவைத்த உப்புதான் அடுத்த பருவம் வரைக்கும் சரக்கு. ஆக, இங்கே வியாபாரிக்குத் தினமும் தெரிய வேண்டியவை இரண்டு: குவியலில் மிச்சம் எவ்வளவு? வெளியூர்க் கடைகளில் பாக்கி எவ்வளவு? இரண்டையும் கம்ப்யூட்டர் திரையில் படமாக, கணக்கு மாற மாறப் படமும் மாறும்படி பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். அதற்கான வசதி பலருடைய கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. நம் பக்கத்தில் கணக்கு என்றாலே டேலிதான். 1986-ல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரத்துக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொல்லிப் பிறந்தது அது. அதன் அமைப்புகளில் ஓ.டி.பி.சி. என்று ஒன்று உண்டு. ஒரு மென்பொருளில் உள்ள தரவை இன்னொன்று வாங்கிக்கொள்ள 1990-களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த பொதுவழி. அதை இயக்கிவிட்டால் டேலி, வழக்கமாக 9000 என்ற போர்ட்டில், கேட்பவருக்குக் கணக்கைச் சொல்லக் காத்திருக்கும். எக்செல்லில் ‘டேட்டா’ பகுதிக்குப் போய் ஓ.டி.பி.சி. வழியாக இணைத்து, பேரேட்டுப் பெயர், எந்தக் குழு, முடிவு இருப்பு என்ற மூன்று பத்திகளை எடுத்து, அதன்மேல் ஒரு சார்ட் போட்டால் வேலை முடிந்தது. டேலியும் அந்தக் கம்பெனியும் திறந்திருக்க வேண்டும். எக்செல் 32 பிட், டேலி 64 பிட் என்று இருந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. பெரும்பாலான தலைவலி இங்கேதான். ஒரு நிம்மதி, இந்த வழியில் எக்செல் படிக்க மட்டுமே முடியும். கணக்கைத் தொட முடியாது.

முதல் சார்ட்டைப் பார்த்தால் முதலாளி திடுக்கிடுவார். பாக்கிதாரர்களின் பட்டைகள் எல்லாம் கோட்டுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கும். பயப்பட ஒன்றுமில்லை. டேலி தனக்குள் பற்றைக் கழித்தல் குறியோடும் வரவைக் கூட்டல் குறியோடும் வைத்திருக்கிறது. நமக்கு வரவேண்டிய பணம் பற்று, ஆகவே கழித்தல். பக்கத்துப் பத்தியில் குறியைத் திருப்பிப் போட்டு, சார்ட்டை அதன்மேல் வரைய வேண்டும். இதைச் செய்யாமல் ஆடிட்டருக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு.

எந்த மாதத்தை எதோடு ஒப்பிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். மே மாத உற்பத்தியை நவம்பரோடு ஒப்பிட்டுக் கோடு வரைந்தால் தொழில் படுத்துவிட்டது போலத் தெரியும், படுத்தது வெயில்தான். போன மே, இந்த மே என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஏதாவது புரியும்.  

இணைப்பு சரி. ஆனால் என் சந்தேகம் வேறிடத்தில். எக்செல்லை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி வைக்கலாம். புதுப்பிப்பது டேலியில் ஏறிய கணக்கை மட்டுமே. காலையில் லோடு ஏற்றிய லாரியின் கணக்கு டேலிக்குப் போகாமல், கையால் குறித்த சிட்டையிலேயே நின்றால்? மற்ற வியாபாரங்களில் ஜி.எஸ்.டி. பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது: மாதா மாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11-ஆம் தேதி விற்பனை விவரம், 20-ஆம் தேதி அடுத்த தாக்கல். வேண்டாவெறுப்பாகவாவது கணக்கு ஏறிவிடும். உப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 1930-ல் உப்பு வரியை எதிர்த்து ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்த மாநிலத்தில் இது நியாயம்தான். வரிவிலக்குள்ள சரக்கை மட்டுமே விற்பவர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யவே வேண்டியதில்லை. அதன் பக்கவிளைவு, கணக்கெழுத அவசரமும் இல்லை. வாரத்துக்கு ஒருநாளோ மாதத்துக்கு ஒருநாளோ கணக்குப்பிள்ளை வந்து மொத்தமாகப் பதிந்தால் போதும் என்ற நிலை. அதுவரை சார்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே பழைய பாக்கியைப் புதிதாகக் காட்டிக்கொண்டிருக்கும். வெறும் பேரேட்டைப் பார்த்தால் ‘இது போன வாரத்தியது’ என்று முதலாளிக்குத் தோன்றும். கலர் கலராகப் பட்டை நின்றால் அந்தச் சந்தேகம் வராது. அதுதான் ஆபத்து.

ஆகவே சார்ட் போட்டுத் தருகிறவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். டேலியின் முகப்பில் கம்பெனி பெயருக்கு எதிரே கடைசிப் பதிவின் தேதி இருக்கும். அந்தத் தேதி சார்ட்டின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் வரட்டும். மூன்று நாளைத் தாண்டினால் சிவப்பாகட்டும். சிவப்பாக இருக்கிற அன்று பட்டைகளைப் பார்த்து யாருக்கும் கடன் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டாம். சிட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து முதலில் லோடுகளை ஏற்றுங்கள்.