ஆசையும் உடைமையும்: உதைபந்தாட்டக் கழகங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

கடந்த மார்கழியில் மெல்பேர்ணின் வெளிப்புறநகர் ஒன்றிலுள்ள பாடசாலை மண்டபத்தில் எமது உதைபந்தாட்டக் கழகத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. நாற்பது பேர் வரை வந்திருந்தனர். எம்மவர் ஒருவர், வீடு கட்டி விற்கும் தொழிலில் முன்னுக்கு வந்தவர், எழுத்தில் ஒரு யோசனை அனுப்பியிருந்தார். ஐந்து வருடங்களுக்குக் கழகத்தின் செலவு முழுவதையும் தாம் ஏற்பார். சம்பளத்துக்குப் பயிற்றுநரும் வெளியாட்டக்காரரும் வருவார்கள். கழகம் மாநிலப் பிரிவுகளில் மேலேறும். பதிலுக்குக் கழகம் கம்பனியாகப் பதியப்பட்டு, பெரும்பான்மைப் பங்குகள் அவரிடம் இருக்கும். கழகத்தின் பெயரோடு அவரது நிறுவனத்தின் பெயரும் சேரும்.

நான் எழுந்து எதிர்த்துப் பேசினேன். பத்து வயதில் நான் பந்து உதைக்கப் பழக்கிய பையன் ஒருவன், இப்போது பொறியியலாளன், மரியாதையாகத்தான் சொன்னான்: "அங்கிள், உங்கட ஆக்களுக்கு அம்பிஷன் இல்லை. அதுதான் பிரச்சினை." கை தட்டினார்கள். முடிவு பங்குனிக் கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

வீடு திரும்பும் வழியில் அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டு வந்தேன். 'இலட்சியம்' என்றால் தியாகத்தின் வாடை வந்துவிடுகிறது. 'பேராசை' என்றால் தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். இரண்டு முனைகளுக்கும் சொல் வைத்திருக்கும் நாம், இடையிலுள்ள சாதாரண மனித விருப்பத்துக்குப் புழக்கத்தில் ஒரு சொல் வைக்கவில்லை. அதனால்தானோ எமது அமைப்புகளில் யாராவது மேலே போக விரும்பினால் ஒன்றில் அவரைத் தலைவராக்கிக் கும்பிடுகிறோம், அல்லது பிழைக்க வந்தவர் என்று ஏசுகிறோம்.

ஒரு கழகம் மேலே போக விரும்புவதில் பிழையில்லை. ஆனால் அது யாருடைய ஆசை, யாருடைய செலவில், தோற்றால் என்ன மிஞ்சும் என்ற மூன்றையும் கேட்காமல் அந்த விருப்பத்தை எடைபோட முடியாது என்பதே எனது வாதம். இதைப் படிப்பதற்கு நாம் வாழும் இந்த நாட்டின் உதைபந்தாட்ட வரலாறே போதும்.

அகதிகள் கட்டிய ஆட்டம்

அவுஸ்திரேலியாவில் இந்த விளையாட்டை வளர்த்தவர்களில் பெரும்பகுதியினர் எம்மைப் போல வந்திறங்கியவர்கள். 1956 இல் ஹங்கேரிய எழுச்சி நசுக்கப்பட்டபின் சிட்னிக்கு வந்த அகதிகள் 1957 இல் தொடங்கிய கழகம் புடாபெஸ்ற். பின்னர் அது சென். ஜோர்ஜ் புடாபெஸ்ற் ஆகியது. சிட்னியில் இத்தாலியருக்கு மார்க்கோணி, யூதருக்கு ஹக்கோவா, கிரேக்கருக்கு ஒலிம்பிக். மெல்பேர்ணில் மக்கெடோனியருக்குப் பிறெஸ்ரன், கிரேக்கருக்கு 1959 இல் உருவான சவுத் மெல்பேர்ண் ஹெலாஸ். குரோசியருக்கு இரண்டு நகரங்களிலும் ஒவ்வொன்று. 1977 இல் தொடங்கிய தேசிய லீக்கை இத்தகைய கழகங்களே சுமந்தன. பெரும்பாலானவை உறுப்பினர்களின் சங்கங்கள். காசுள்ளவர் கூடக் கொடுத்தார். அதனால் அவரது குரலும் சற்று உயர்ந்துதான் ஒலித்தது. ஆனாலும் வருடாந்தக் கூட்டத்தில் அவரும் கைதூக்கித்தான் வாக்களிக்க வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளில் அல்பேர்ட் பார்க்கிலிருந்த லேக்சைட் மைதானத்துக்குச் சவுத் மெல்பேர்ணின் ஆட்டம் பார்க்கப் போவேன். எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனாலும் நடுவரைப் பார்த்து அந்தக் கிழவர்கள் ஏசியது முழுவதும் விளங்கியது. குருநகரிலும் நாவாந்துறையிலும் கேட்டுப் பழகிய தொனிதான்.

1989 முதல் 1992 வரை அந்தக் கழகத்தின் பயிற்றுநராக இருந்தவர் ஃபெரென்ற்ஸ் புஷ்காஷ். 1954 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஹங்கேரிய அணிக்குத் தலைமை தாங்கியவர். 1956 இன் பின் நாடு திரும்பாமல் வெளியே நின்றவர். ரியல் மட்றிட்டின் நட்சத்திரம். ஏதென்ஸில் பயிற்றுநராக இருந்ததால் அவருக்குக் கிரேக்கம் வரும், ஆங்கிலம் அவ்வளவாக வராது. அவருக்குக் கார் ஓட்டியும் மொழிபெயர்த்தும் உதவிய இளம் அணித்தலைவர் ஆஞ்ச் பொஸ்ரெகொக்லு, 1970 இல் பெற்றோருடன் கிரேக்கத்திலிருந்து சிறுவனாக வந்தவர். 1991 இறுதியாட்டத்தில் இவர்கள் மெல்பேர்ண் குரோசியாவைப் பெனால்ரி உதைகளில் வென்றனர். 1998 இலும் 1999 இலும் பொஸ்ரெகொக்லு தானே பயிற்றுநராக இருந்து வென்றார். 2000 தையில் அந்தக் கழகம் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் மன்செஸ்டர் யுனைற்றெட்டுடன் ஆடி 2-0 என்று தோற்றது. அம்பிஷன் இல்லாதவர்கள் போய்ச் சேரும் இடமல்ல அது.

அதே பொஸ்ரெகொக்லு 2025 வைகாசியில் லண்டனின் ரொட்டன்ஹாமுக்கு ஐரோப்பா லீக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். பதினாறாவது நாள் அவரை நீக்கினார்கள்.

இதைப் பொற்காலமாக்கிக் காட்டுவது என் நோக்கமல்ல. இக்கழகங்கள் பழைய நாட்டுப் பகையையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தன. 2022 ஐப்பசியில் அவுஸ்திரேலியக் கிண்ண இறுதியாட்டத்தன்று, குரோசியர் தொடங்கிய சிட்னி யுனைற்றெட்டின் ரசிகர்களில் சிலர் பாசிச வணக்கம் செய்ததையும், இம்மண்ணின் ஆதிக்குடிகளின் வரவேற்பு நிகழ்வின்போது கூச்சலிட்டதையும் நாடு முழுவதும் பார்த்தது. கழகத்துக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. உறுப்பினரின் கழகம் என்பதாலேயே அது நல்ல கழகம் ஆகிவிடாது. தேசியத்தின் பேரால் ஊர்வலம் போய்ப் பழகிய எமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒரு அகதியின் ஆசை

1996 இல் தேசிய அமைப்பின் தலைவராக இருந்த டேவிட் ஹில், கழகங்கள் தம் பெயரிலும் சின்னத்திலும் உள்ள பிறநாட்டு அடையாளங்களை நீக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 2003 இல் குறோஃபோர்ட் அறிக்கை வந்தது. 2004 இல் பழைய லீக் முடிந்தது. 2005 இல் ஏ-லீக் என்ற பெயரில் எட்டு அணிகளுடன், முதலீட்டாளர்களை நம்பிப் புதியது தொடங்கியது. சவுத் மெல்பேர்ணுக்கும் மார்க்கோணிக்கும் அதில் இடமில்லை. அவை மாநில லீக்கில் விடப்பட்டன. எவ்வளவு வென்றாலும் ஏறுவதற்கு ஏணி இல்லை.

இதைச் செய்து முடித்தவர் ஃபிராங்க் லோவி. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த யூதர், நாசிகளிடமிருந்து தப்பியவர், 1946 இல் கப்பலில் பாலஸ்தீனம் போக முயன்று பிரித்தானியரால் சைப்பிரஸில் தடுத்து வைக்கப்பட்டவர், 1952 இல் சிட்னிக்கு வந்து வெஸ்ற்ஃபீல்ட் கடைத்தொகுதிகளைக் கட்டியவர். ஹக்கோவா கழகத்தின் தலைவராக இருந்தவரும் அவரே. 1987 இல் ஹக்கோவா லீக்கிலிருந்து விலகியது. பின்னாளில் அந்த அகதி கட்டிய வீட்டில் மற்ற அகதிகளின் கழகங்களுக்கு அறை இருக்கவில்லை.

அவர் எதையும் சாதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1974 இன் பின் எட்டாதிருந்த உலகக் கிண்ணத்துக்கு 2005 இல் அவுஸ்திரேலியா தகுதி பெற்றது. 2006 இல் ஆசியக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆசை பெரிதாக இருந்தது, பலனும் தந்தது. ஆனால் அந்த ஆசைக்கு விலை கொடுத்தவர்கள் அதைத் தீர்மானித்தவர்கள் அல்லர்.

முதலாளிகளின் காலம்

உடைமையாளர் என்றால் என்ன என்பதற்கு அதன்பின் மூன்று உதாரணங்கள் கிடைத்தன.

முதலாவது, 2010 இல் ஆடத் தொடங்கிய மெல்பேர்ண் ஹார்ட். 2014 தையில் அபுதாபியின் ஷேக் மன்சூருக்குரிய சிற்றி குழுமம் வேறு பங்காளிகளுடன் சேர்ந்து இதைச் சுமார் 12 மில்லியன் டொலருக்கு வாங்கியது. பெயர் மெல்பேர்ண் சிற்றி ஆகியது; சிவப்பு வெள்ளைக் கோடுகள் பின்தள்ளப்பட்டு மன்செஸ்டரின் வானநீலம் வந்தது. பட்டங்களும் வந்தன: 2021 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று பருவங்கள் லீக்கில் முதலிடம், 2021 இலும் 2025 இலும் இறுதியாட்ட வெற்றி. பெண்கள் அணிக்கும் பயிற்சி மைதானங்களுக்கும் தாராளமாகச் செலவழித்தார்கள். இதை மறைத்து வாதிடுவது நேர்மையல்ல. ஆனால் அங்கே சிறந்து விளங்கிய ஆறோன் மூயை 2016 இல் மன்செஸ்டர் சிற்றி சில இலட்சம் பவுண்களுக்குத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, தன் முதல் அணியில் ஒரு ஆட்டமும் ஆடவிடாமல், அடுத்த வருடம் ஹடெர்ஸ்ஃபீல்டுக்குச் சுமார் 8 மில்லியன் பவுணுக்கு விற்றது. வாங்கியவரும் விற்றவரும் ஒரே முதலாளி. இலாபம் எந்தப் பையில் விழ வேண்டும் என்பதை மெல்பேர்ணில் யாரும் தீர்மானிக்கவில்லை. கிளையின் ஆசை தலைமையகத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி.

இரண்டாவது, வெஸ்ரேர்ண் யுனைற்றெட். 2018 மார்கழியில் இதற்கு அனுமதி கிடைத்தது. எம்மவரும் இந்தியரும் ஏராளமாகக் குடியேறியுள்ள ராணீற் பகுதியில் சொந்தப் பெருமைதானம் கட்டப்படும், சுற்றியுள்ள நிலத்தின் அபிவிருத்தியால் அதற்குப் பணம் வரும் என்பது திட்டம். 2022 இல் கழகம் பட்டம் வென்றது. அப்போதும் மைதானம் இல்லை. பின்னர் வந்தது பயிற்சித் திடலும் ஒரு சிறு பார்வையாளர் மேடையும்தான். 2025 ஆவணியில் அனுமதி பறிக்கப்பட்டது. மேன்முறையீட்டின் பின் 2025-26 பருவம் முழுவதும் ஆடாமல் உறைநிலையில் வைக்கப்பட்டது. பட்டம் வென்ற கழகம் மூன்று வருடத்தில் ஆட ஆளில்லாமல் நின்றது. ஆட்டக்காரரும் ஊழியரும் சம்பளத்துக்கு அலைந்தனர்.

மூன்றாவது, உடைமையாளர் எல்லோரும் சேர்ந்து செய்தது. 2020 இன் முடிவில் லீக்கின் நிர்வாகம் கழக முதலாளிகளின் கைக்கு வந்தது. 2021 இல் சில்வர் லேக் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 140 மில்லியன் டொலருக்கு மூன்றிலொரு பங்கை வாங்கியது. 2022 மார்கழியில், அடுத்த மூன்று இறுதியாட்டங்களையும் சிட்னியிலேயே நடத்தும் உரிமையை நியூ சவுத் வேல்ஸ் அரசின் சுற்றுலா நிறுவனத்துக்கு விற்றார்கள். அதுவரை கூடப் புள்ளி பெற்ற அணியின் ஊரில்தான் இறுதியாட்டம் நடந்தது. ரசிகர்கள் மைதானங்களை விட்டு வெளிநடப்புச் செய்தனர். அதே வாரம் மெல்பேர்ண் அணிகள் மோதிய ஆட்டத்தில் கூட்டம் திடலுக்குள் பாய்ந்து கோல் காப்பாளரைக் காயப்படுத்தியது. அந்த வன்முறைக்கு நியாயமில்லை. 2023 ஐப்பசியில் முதலாளிகளே முடிவைக் கைவிட்டனர். ஊரவருக்குச் சொந்தமானதை ஊரவரைக் கேட்காமல் விற்கலாம் என்று நினைத்தது தப்புக்கணக்கு.

என்ன மிஞ்சும்?

இதே 2025 ஐப்பசியில் இன்னொன்று நடந்தது. அவுஸ்திரேலியன் சம்பியன்ஷிப் என்ற பெயரில், ஏ-லீக்குக்குக் கீழே தேசிய மட்டப் போட்டி தொடங்கியது. சவுத் மெல்பேர்ண், மார்க்கோணி, சிட்னி ஒலிம்பிக், சிட்னி யுனைற்றெட், பிறெஸ்ரன் ஆகியவை அதில் ஆடின. இருபத்தொரு வருடங்கள் கதவு சாத்தப்பட்டிருந்தும் அவை செத்துப் போகவில்லை. சாப்பாட்டுக் கடை நடத்தும் தாய்மார், ஞாயிறு காலை கோடு போடும் தகப்பன்மார், சந்தா கட்டும் கிழவர்கள் இருந்தார்கள். ஒரு பருவத்தில் பட்டக் கழகம் உறைந்துபோக, தள்ளி வைக்கப்பட்ட கழகங்கள் திரும்பி வந்தன. எனது மூன்றாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

இனி எமது கழகம். எட்டு வருடங்களுக்கு முன் நான் செயலாளராக இருந்தேன். எப்படியாவது ஒரு பிரிவு மேலேற வேண்டும் என்று, சேமிப்பிலிருந்து வெளியாட்டக்காரர் இருவருக்குப் பணம் கொடுத்தோம். ஏறினோம். அடுத்த வருடம் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளின் அணிக்குப் பயிற்றுநருமில்லை, சீருடைக்குக் காசுமில்லை. அணி கலைந்தது. அதற்கடுத்த வருடம் கழகமும் கீழிறங்கியது. ஆட்டக்காரர் இருவரும் வேறிடம் போனார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வரவேயில்லை; என்னை நோக்கிக் கேள்வி எழுப்பிய இளைஞனின் தங்கையும் அவர்களில் ஒருத்தி. எனக்கு அம்பிஷன் இருந்தது. அதற்கான செலவை நான் கட்டவில்லை.

ஆகவே பணம் வேண்டாம் என்பது என் நிலைப்பாடல்ல. ஜேர்மனியில் உள்ள உறவினரைக் கேட்டுப் பாருங்கள்: அங்கே 1998 முதல், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, முதலீடு எவ்வளவு வந்தாலும் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினரிடமே இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியோடுதான் பயேர்ண் மூனிச்சும் டோர்ட்முண்டும் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் ஆடின.

பங்குனிக் கூட்டத்தில் நான் முன்வைக்கப் போவது இவ்வளவே. வர்த்தகரின் பணத்தை நன்றியோடு ஏற்போம். அவரது பெயர் சீருடையில் இருக்கட்டும், கழகத்தின் பெயரில் வேண்டாம். வாக்குரிமை உறுப்பினரிடம் இருக்கட்டும். சிறுவர் அணிகளுக்கும் பெண்கள் அணிகளுக்கும் உரிய தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில் மேலேறுவோம். ஐந்து வருடம் முடிந்து அவர் போகும் நாளில் கழகம் கடனின்றி நிற்குமா என்பதை இன்றே எழுத்தில் வைப்போம். ஊரில் சனசமூக நிலையத்து முற்றத்தில் வீடு வீடாகக் காசு சேர்த்துப் பந்து வாங்கிய நாட்களிலும் எமக்கு ஆசை இருந்தது; அந்தப் பந்து யாருடையது என்ற சந்தேகம் இருக்கவில்லை.

அந்த இளைஞன் இதை ஏற்பானோ தெரியாது. நான் தோற்கவும் கூடும். எம்மவரின் கோயில்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் இதே கேள்வி வேறு உருவங்களில் வந்துகொண்டிருப்பதால் இதை இங்கு எழுதுகிறேன். மாறான கருத்துள்ளோர் எழுதினால், குறிப்பாக அவன் எழுதினால், மகிழ்வேன்.